திண்டிவனம் பேசியது, விழுப்புரம் கேட்கவில்லை

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்ததை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் இருக்கிற ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் டிசம்பர் 2 காலையில் ரயில்களையே நிறுத்தினார்கள். அந்தப் புயலில் நடந்த ஒரு சின்ன விவகாரத்தைச் சொல்கிறேன். செய்தித்தாளில் வரக்கூடிய சமாசாரம் இல்லை. ஆனால் ஒரு பையனின் இரண்டு மூன்று மாதச் சம்பளம் அதில் மாட்டிக்கொண்டிருந்தது.

விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். பெயர் வேண்டாம். திண்டிவனத்தில் அதற்கு ஒரு கிளை உண்டு. கிளையில் ஒரு ஃபிரிட்ஜ் நிறைய ரசாயனங்கள் இருக்கும், குளிர் விட்டால் எல்லாம் வீண். புயல் ராத்திரியில் வீணாய்ப் போயின. நாற்பதாயிரத்துக்கு மேல் நஷ்டம். ராத்திரி டியூட்டியில் இருந்த பையன், "ஜெனரேட்டர் ரெண்டரை மணி வரைக்கும் ஓடிச்சு சார், அப்புறம் தண்ணி ஏறிடுச்சு" என்றான். முதலாளி நம்பவில்லை. அவரிடம் ஆதாரம் இருந்தது. கிளையில் இருக்கிற கம்ப்யூட்டரும் யு.பி.எஸ்.ஸும் என்ன செய்கின்றன என்பதை அவ்வப்போது ஒரு வரியாக விழுப்புரம் சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தப் பதிவில் இரவு 10.52-க்குப் பிறகு ஒரு வரி கூட இல்லை. "பதினொரு மணிக்கே எல்லாத்தையும் அணைச்சிட்டுத் தூங்கப் போயிட்டான்" என்று முடிவு கட்டிவிட்டார். சம்பளத்தில் பிடிப்பது என்று பேச்சு.

அந்த நிலையத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் தங்கை மகன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தவன் இதைச் சொன்னான். சொல்லிவிட்டு, "பதிவுல இல்லையே மாமா, நான் என்ன பண்றது?" என்றான்.

நான் தந்தி ஆபீசில் சேர்ந்து, டெலிபிரிண்டர் பார்த்து, கடைசியில் டெலிபோன் பக்கம் போய் ஓய்வு பெற்றவன். எங்கள் தொழிலில் முதலில் கற்றுக்கொள்ளும் பாடமே இதுதான்: இந்த முனையில் சத்தம் இல்லை என்றால் அந்த முனையில் யாரும் பேசவில்லை என்று அர்த்தமில்லை. நடுவில் கம்பி அறுந்திருக்கலாம். அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அந்த வரி வந்து சேர்ந்ததா இல்லையான்னு திண்டிவனத்து மிஷினுக்குத் தெரியுமா?"

"தெரியாது மாமா. யு.டி.பி.-ல போவுது. அனுப்பிட்டு மறந்துடும்."

யு.டி.பி. என்றால் என்ன என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லவேண்டுமானால் போஸ்ட் கார்டு. பெட்டியில் போட்டோம், அத்தோடு சரி. போய்ச் சேர்ந்ததா என்று கேட்க வழியில்லை. 1980-இல் ஜான் போஸ்டல் என்பவர் அதன் விதிகளை எழுதினார், மூன்று பக்கத்தில் அடங்கிவிடும். டி.சி.பி. அப்படியில்லை. ரயில்வேயில் லைன் கிளியர் கேட்பதைப் போல. மயிலம் ஸ்டேஷன் மாஸ்டர் கேட்கவேண்டும், பேரணி ஸ்டேஷன் மாஸ்டர் ரகசிய எண்ணோடு பதில் கொடுக்கவேண்டும், இரண்டு பேரும் ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்ளவேண்டும், அதற்கப்புறம்தான் வண்டி நகரும். டி.சி.பி.யிலும் முதலில் இரு தரப்பும் கைகொடுத்துக்கொள்கின்றன. அனுப்புகிற ஒவ்வொரு துண்டுக்கும் கணக்கு எண் உண்டு, வந்தது என்று பதில் வராவிட்டால் திரும்ப அனுப்பப்படும். வின்ட் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த ஏற்பாடு.

அப்படியிருக்க, பதிவுகளை ஏன் போஸ்ட் கார்டில் அனுப்பினார்கள்? 1980-களில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் என்பவர் சென்ட்மெயில் என்ற தபால் புரோகிராமை எழுதியபோது, அது என்ன செய்கிறது என்று குறித்துவைக்க ஒரு துணை ஏற்பாடாகச் செய்ததுதான் சிஸ்லாக். அது நன்றாக இருக்கிறதே என்று மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். இருபது வருஷம் விதிப் புத்தகமே இல்லாமல் ஊர் வழக்கமாகவே ஓடியது. 2001-இல்தான் "இப்படித்தான் எல்லோரும் செய்கிறார்கள்" என்று ஓர் ஆவணம் வந்தது. அதில் வருகிற தேதியில் வருஷம் கிடையாது! மாதம், நாள், மணி மட்டும். தந்தி ஆபீசில் அப்படி ஒரு குறிப்பு எழுதியிருந்தால் என் சூப்பர்வைசர் புத்தகத்தை என் மேலேயே எறிந்திருப்பார். 2009-இல் வந்த புது விதியில் வருஷமும் நேர மண்டலமும் சேர்ந்தன.

விஷயத்துக்கு வருகிறேன். "விழுப்புரத்துல இல்லாட்டி என்னடா, திண்டிவனத்து மிஷின் தனக்குன்னு ஒரு காப்பி எழுதி வச்சிருக்காதா?" என்று கேட்டேன். சாப்பாட்டுக் கையோடு அப்படியே நிமிர்ந்து பார்த்தான். வைத்திருக்கும். சில வாரங்களுக்குத்தான் இருக்கும், பிறகு பழையது அழிந்து புதியது ஏறும். அன்று மத்தியானமே இருவரும் கிளைக்குப் போனோம்.

இருந்தது. இரவு எட்டு மணி சுமாருக்கு மெயின் கரண்ட் போனது, சில நிமிஷத்தில் திரும்பியது, அதாவது ஜெனரேட்டர் போட்டிருக்கிறான். 10.52-க்குப் பிறகும் வரிகள் வந்துகொண்டே இருந்தன. 2.38-க்கு "பேட்டரியில் ஓடுகிறது" என்று ஒரு வரி. 3.11-க்கு பேட்டரி தீர்ந்து மிஷின் தானாக அணைந்தது. பையன் சொன்ன ரெண்டரை மணிக்கும் இதற்கும் எட்டு நிமிஷம்தான் வித்தியாசம். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவன் கடிகாரம் பார்த்துக்கொண்டா இருப்பான்? 10.52-இல் போனது இன்டர்நெட் லைன் மட்டும்தான்.

அச்சடித்து முதலாளியிடம் கொடுத்தோம். அவர் கெட்ட மனிதர் இல்லை. இரண்டு முறை படித்துவிட்டு, "அப்ப நான் இவ்ளோ நாளா பார்த்துட்டு இருந்த பதிவுக்கு என்ன சார் மதிப்பு?" என்றார். நியாயமான கேள்வி. பிடித்தம் ரத்தாயிற்று. பையன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த ஞாயிறு என் வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மருமகன் விழுப்புரம் சர்வரை மாற்றினான். அதில் ஓடுவது ஆர்சிஸ்லாக் என்ற புரோகிராம். ஜெர்மனிக்காரர் ரைனர் கெர்ஹார்ட்ஸ் 2004-இல் தொடங்கியது. நான் ஏதோ பெரிய வேலை என்று நினைத்தேன். வாங்குகிற பக்கத்தில் இரண்டே வரி: டி.சி.பி.யில் கேட்கிற மாட்யூலை ஏற்று, இந்த போர்ட்டில் காது கொடு. அவ்வளவுதான். அனுப்புகிற பக்கம் இன்னும் வேடிக்கை. பழைய முறையில் சர்வர் முகவரிக்கு முன்னால் மின்னஞ்சலில் வருகிற அந்தச் சுழி ஒன்று போட்டால் யு.டி.பி., இரண்டு போட்டால் டி.சி.பி. ஒரு சுழிக்காக ஒரு பையனின் சம்பளம் போக இருந்தது.

போர்ட் எண்ணில் ஒரு சங்கதி. யு.டி.பி.யில் சிஸ்லாக்குக்கு 514 என்று ஒதுக்கியிருக்கிறார்கள். டி.சி.பி.யில் அதே 514 வேறு ஒரு பழைய சேவைக்குப் பட்டா போட்ட எண். அதை இப்போது யாரும் பயன்படுத்தாததால் பலரும் அந்த இடத்திலேயே குடியேறிவிட்டார்கள். இவன் வம்பு வேண்டாம் என்று 10514 வைத்தான். ஃபயர்வாலில் அந்த எண்ணைத் திண்டிவனத்துக்கு மட்டும் திறந்தான். இரண்டு ஊருக்கும் நடுவில் ஏற்கெனவே பூட்டுப் போட்ட வி.பி.என். பாதை இருக்கிறது. அது இல்லாதவர்கள் சும்மா டி.சி.பி.யில் அனுப்பினால் வழியில் இருக்கிறவன் படிக்கலாம். அவர்கள் டி.எல்.எஸ். பூட்டோடு 6514-இல் அனுப்பவேண்டும்.

இத்தோடு முடிந்தது என்று அவன் எழுந்தான். "லைன் போயிட்டா எங்கடா வச்சிருக்கும்?" என்று கேட்டு உட்காரவைத்தேன். டி.சி.பி. வந்துவிட்டதால் மட்டும் புயலில் போன லைன் திரும்பி வந்துவிடாது. அனுப்பமுடியாத வரிகளைச் சேர்த்துவைக்கத் திண்டிவனத்தில் ஒரு வரிசை வேண்டும். அதுவும் மெமரியில் மட்டும் இருந்தால் பேட்டரி தீர்ந்ததும் போய்விடும், டிஸ்க்கில் எழுதவேண்டும். அதற்கும் வசதி இருக்கிறது. கோப்புக்கு ஒரு பெயர் கொடுக்கவேண்டும், அணையும்போது சேமி என்று சொல்லவேண்டும், எத்தனை முறை தோற்றாலும் முயற்சியைக் கைவிடாதே என்பதற்கு மைனஸ் ஒன்று என்று எழுதவேண்டும். இது இல்லாவிட்டால் வேறு ஆபத்தும் உண்டு. வாங்குகிறவன் படுத்துவிட்டால், வரிசை நிரம்பி அனுப்புகிறவனும் ஸ்தம்பித்துவிடுவான். சில ஃபயர்வால்களில், பதிவை டி.சி.பி.யில் அனுப்பமுடியாவிட்டால் புதிதாக யாரையுமே உள்ளே விடாது. ரிஜிஸ்டர் காணவில்லை என்று கேட்டையே பூட்டும் வாட்ச்மேன் மாதிரி.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. போஸ்ட் கார்டில் ஒவ்வொரு கார்டும் தனித்தனி. டி.சி.பி. ஒரு குழாய், தண்ணீர் மாதிரி எழுத்துகள் வந்துகொண்டே இருக்கும். ஒரு செய்தி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது? பெரும்பாலும் வரி முடிவுக் குறியை வைத்துப் பிரிக்கிறார்கள். செய்திக்குள்ளேயே நான்கு வரி இருந்தால் அது நான்கு செய்தியாகச் சிதறும். மற்றொரு முறையில், முதலில் எத்தனை எழுத்து என்ற எண்ணை அனுப்பிவிட்டுச் செய்தியை அனுப்புவார்கள். 2012-இல் வந்த ஆவணத்தில் இரண்டு முறையும் இருக்கின்றன. அவன் விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தந்தியின் தலைப்பில் வார்த்தை எண்ணிக்கை போடுவோமே, அதேதான்! வாங்குகிறவர் எண்ணிப் பார்த்து, ஒன்று குறைந்தால் உடனே திருப்பிக் கேட்பார். 2013 ஜூலையில் தந்தியை மூடினார்கள், அந்தப் பழக்கம் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

சோதித்துப் பார்க்காமல் நான் விடவில்லை. திண்டிவனத்திலிருந்து ஒன்று முதல் ஆயிரம் வரை எண்ணிட்ட வரிகளை அனுப்பச் சொன்னேன். நடுவில் ஒயரைப் பத்து நிமிஷம் பிடுங்கினோம். மறுபடி சொருகியதும் தேங்கியவை எல்லாம் திபுதிபுவென்று வந்தன, ஆயிரமும் சரி. அடுத்த தடவை ஒயரைத் தொடாமல் விழுப்புரம் சர்வரின் பிளக்கையே பிடுங்கச் சொன்னேன். மருமகனுக்கு மனமில்லை. பிடுங்கினான். இந்த முறை 994.

ஆறு எங்கே போயின? கெர்ஹார்ட்ஸ் 2008-லேயே இதைப்பற்றி எழுதியிருக்கிறார். டி.சி.பி.யில் "வந்தது" என்று கையெழுத்துப் போடுவது பதிவு எழுதுகிற புரோகிராம் இல்லை, அதற்குக் கீழே இருக்கிற இயங்குதளம். வாசலில் வாட்ச்மேன் ரிஜிஸ்டர் தபாலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான், வீட்டுக்காரர் கையில் கொடுப்பதற்குள் வீடு இடிந்துவிட்டது என்றால் அனுப்பியவருக்கு எப்படித் தெரியும்? அதற்காகவே அவர் ரெல்ப் என்ற முறையைச் செய்தார். அதில் வீட்டுக்காரரே பதில் போடவேண்டும். அதை மாற்றி மறுபடி பிளக்கைப் பிடுங்கினோம். 1003 வரிகள். மூன்று இரட்டிப்பாக வந்திருந்தன. குறைவதைவிடக் கூடுவது மேல் என்று அதை அப்படியே விட்டோம்.

முதலாளிக்கு டிஸ்க் செலவுதான் கவலை. "எத்தனை நாளைக்கு வச்சிருக்கணும்?" என்றார். செர்ட்-இன் என்ற மத்திய அரசு அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவின்படி நிறுவனங்கள் தங்கள் கணினிப் பதிவுகளை 180 நாள் நம் நாட்டிலேயே வைத்திருக்கவேண்டும், கடிகாரங்களையும் அரசு நேரத்தோடு ஒத்து வைக்கவேண்டும் என்று மருமகன் சொன்னான். வெறும் எழுத்துகள்தானே, சுருக்கி வைத்தால் ஆறு மாதப் பதிவு ஒரு கல்யாண வீடியோ அளவுகூட வராது. அதைக் கேட்டதும் சம்மதித்தார்.

கடைசியாக மார்க் என்ற ஒன்றை இயக்கச் சொன்னேன். இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை, சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும், "இருக்கிறேன்" என்று ஒரு வரி வரும். இரண்டு முறை தொடர்ந்து வராவிட்டால் மருமகனின் போனில் மணி அடிக்கும். சென்ற ஐப்பசியில் ஒரு ராத்திரி அடித்தது. கிளைக்கு போன் போட்டான். அதே பையன்தான் எடுத்தான். "கரண்ட் இருக்குண்ணா, நெட்டுதான் இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.