போர் வீடு திரும்பும் வழி

சான் மார்க்கோஸ், டெக்சஸ்



வியட்நாம் போரில் காலாட்படைச் சிப்பாயாக இருந்த நாவலாசிரியர் டிம் ஓப்ரையன் எழுத்து கற்பித்த ஊர் சான் மார்க்கோஸ். ஆஸ்டினிலிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஊருக்குள்ளேயே ஊற்றெடுத்து ஓடும் ஆற்றின் நீர் கோடையிலும் குளிர்காலத்திலும் 22 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. ஊற்றுக்கு அருகில் டெக்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம். 1930-இல் இங்கே பட்டம் பெற்ற லிண்டன் ஜான்சன்தான் பிற்பாடு அதிபராகி, வியட்நாமுக்கு லட்சக்கணக்கான வீரர்களை அனுப்பினார். அவர் ஆட்சியில் கட்டாய ஆள்சேர்ப்பில் சிக்கிய ஓப்ரையன், ஜான்சன் படித்த கல்லூரியிலேயே ஆசிரியரானார்.

ஓப்ரையன் 1946-இல் மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்தவர்; வளர்ந்தது வொர்த்திங்டன் என்ற சிற்றூரில். தந்தை இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். தாயும் அதே கடற்படையின் மகளிர் பிரிவில் பணியாற்றியவர். தந்தையின் குடிப்பழக்கம் வீட்டில் விட்டுச்சென்ற காயத்தை மகன் பிற்பாடு வெளிப்படையாக எழுதினார். 1968-இல் கல்லூரிப் படிப்பு முடிந்ததும் படையில் சேர ஆணை வந்தது. போர் தவறு என்றே அவர் நினைத்தார். ஆனாலும் ஊரும் குடும்பமும் என்ன சொல்லுமோ என்ற அச்சத்தில் போனார். 1969 முதல் 1970 வரை வியட்நாமின் குவாங் ங்காய் மாகாணத்தில் இருந்தார். மீ லாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் பொதுமக்களைக் கொன்று குவித்தது அதே மாகாணத்தில், 1968 மார்ச்சில்.

அவருடைய கதைகளில் போர் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் நடக்கிறது. 1994-இல் வெளிவந்த ‘இன் த லேக் ஆஃப் த வுட்ஸ்’ நாவலின் நாயகன், மீ லாயில் தான் இருந்ததை வாக்காளர்களிடமிருந்து மட்டுமல்ல, மனைவியிடமிருந்தும் மறைக்கிறான். உண்மை வெளிப்பட்டுத் தேர்தலில் தோற்றபின் இருவரும் ஏரிக்கரைக் குடிலுக்குப் போகிறார்கள். அங்கே மனைவி காணாமல் போகிறாள். அவளுக்கு என்ன ஆயிற்று என்பதை நாவல் முடித்துச் சொல்வதில்லை.

1990-இல் வந்த ‘த திங்ஸ் தே கேரிட்’ எதிரியின் குடும்பத்தையும் எண்ணிப்பார்க்கிறது. இறந்து கிடக்கும் வியட்நாமிய இளைஞனைப் பார்க்கும் கதைசொல்லி, அவனுடைய பெற்றோரையும் இளம் மனைவியையும் கற்பனை செய்கிறான். அவனுக்குக் கொடுக்கப்பட்ட பிறந்த ஆண்டு 1946. ஆசிரியர் பிறந்த அதே ஆண்டு.

அந்தப் புத்தகத்தில் கதைசொல்லியின் ஒன்பது வயது மகள், ‘யாரையாவது கொன்றீர்களா?’ என்று கேட்கிறாள். தந்தை ‘இல்லை’ என்று சொல்லிவிடுகிறான்; வளர்ந்தபின் அவள் மீண்டும் கேட்பாள் என்று நம்புகிறான். எழுதியபோது ஓப்ரையனுக்குக் குழந்தைகளே இல்லை. நடந்ததை நடந்தபடி அடுக்கினால் மட்டும் உண்மை வந்துவிடாது, அனுபவத்தின் பாரத்தை வாசகர் உணரக் கற்பனையும் வேண்டும் என்பது அவர் எழுத்தின் அடிப்படை. போருக்குப் போகாத மாணவருக்கும் அது பயன்படும். தாய் சொல்லாமல் விட்டதை, தந்தை குடித்து மறைத்ததை எழுத முற்படும் எவருக்கும் ஆவணம் பாதி வழிதான் துணை வரும்.

ஐம்பது வயதைக் கடந்தபின் ஓப்ரையனுக்கு இரண்டு மகன்கள் பிறந்தார்கள். அவர்கள் வளர்ந்து ஆளாகும்வரை தான் இருப்போமா என்ற கவலையில் எழுதத் தொடங்கிய குறிப்புகள் 2019-இல் ‘டாட்ஸ் மேபி புக்’ என்ற நூலாயின. தந்தைமையும் எழுத்தாளர் ஹெமிங்வேயும் வியட்நாமும் அதில் ஒன்றாக வருகின்றன. கதையில் தந்தை மகளிடம் பேசத் தயங்கிய போரைப் பற்றி இந்த நூல் மகன்களிடம் பேசுகிறது. போரில் இருந்தவரின் பிள்ளைகளுக்கு அதை அறியும் உரிமை உண்டு; அறியாமல் வளரும் பிள்ளைகள் தந்தையின் கோபத்துக்கும் மௌனத்துக்கும் தாங்களே காரணம் என்று நினைத்துக்கொள்ளக்கூடும்.

ஓப்ரையனின் கையெழுத்துப் படிகளும் ஆவணங்களும் ஆஸ்டினில் உள்ள ஹாரி ரான்சம் மையத்தில் இருக்கின்றன. இந்தப் பக்கம் வருபவர்கள் இரண்டு ஊர்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.