மூழ்காத கடன்

அடகு வைத்த நகை மீட்கப்படாமல் போனால் 'மூழ்கிவிட்டது' என்கிறோம். நகையோடு கடனும் நீருக்குள் போயிற்று, இனிக் கொடுக்கவும் வாங்கவும் ஒன்றுமில்லை என்னும் ஆறுதல் அச்சொல்லுக்குள் இருக்கிறது. சட்டம் அந்த ஆறுதலை அறியாது. அடகுப் பொருளை விற்ற தொகை போதாவிடில் எஞ்சியதையும் கடன்பட்டவரே தரவேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். நகைக்கடன் பொதுவாக நகையின் மதிப்பைவிடக் குறைவாகவே தரப்படுவதால் இது உறைப்பதில்லை. வீட்டுக்கு வரும்போதுதான் உறைக்கிறது.

நம் பெரியப்பா மகன் விசைத்தறித் தொழிலுக்காக வீட்டை ஒரு வங்கியில் அடமானம் வைத்தார். தொழில் நொடித்து, 2019இல் வீடு ஏலம் போயிற்று. நிலுவை 30 இலட்சம். ஏலத்தொகை 22 இலட்சம். வாடகை வீட்டுக்குக் குடிபோன அன்று அண்ணி, "வீடு போனாலும் கடன் தீர்ந்ததே" என்றார். அடுத்த ஆண்டு, எஞ்சிய 8 இலட்சத்தை வட்டியுடன் கோரி நீதிமன்ற அழைப்பாணை வந்தது. பிணைக் கையெழுத்திட்டிருந்த அண்ணியின் தம்பிக்கும் ஒன்று. "தமிழ் வாத்தியார்தானே, என்ன எழுதியிருக்கிறது, பார்த்துச் சொல்" என்று அண்ணன் அதை நம்மிடம் நீட்டினார்.

2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தில், 13ஆம் பிரிவின் 10ஆம் உட்பிரிவு வங்கிக்கு இவ்வுரிமையைத் தருகிறது. எஞ்சிய தொகைக்குக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தையோ உரிய நீதிமன்றத்தையோ வங்கி நாடலாம். 2018 முதல் 20 இலட்சத்துக்குக் குறைந்தவை தீர்ப்பாயத்துக்குச் செல்வதில்லை. ஆகவே உரிமையியல் நீதிமன்றம். ஈடு வேறு, வாக்கு வேறு என்பதே இதன் அடிப்படை. வீடு ஈடு, திருப்பித் தருவேன் என்ற கையெழுத்து வாக்கு. ஈட்டை விற்றதால் வாக்கு தீர்ந்துவிடாது. நம்மூர் ஒத்தி முறையோ வேறு. தனியே வாக்குறுதி எழுதித் தராதவரை, வீட்டை அனுபவிப்பதோடு சரி. ஆளைத் தொடர முடியாது. கலிபோர்னியாவிலும், குடியிருக்கும் வீட்டை வாங்கவே பெற்ற கடனில் இப்படித் தொடரத் தடை உண்டு.

நம் சட்டத்தைக் கொடிது என்று தள்ளவும் மனம் ஒப்பவில்லை. ஏலத்தில் மிஞ்சினால் மிச்சம் கடன்பட்டவருக்கே என்று அதே பிரிவு சொல்கிறது. வங்கி கொடுத்த பணமும் யாரோ சேமித்ததுதான். ஆனால் வீடு குறைந்த விலைக்குப் போனால், அந்த விலையில் ஒரு சொல்லும் சொல்ல இயலாதவர் தலையிலேயே குறை முழுதும் விழுகிறது. ஆகவே அழைப்பாணையைப் பரணில் போட்டுவிடலாகாது. விற்பனைக்கு முன் 30 நாள் அறிவிப்பு வந்ததா, மதிப்பீடு எப்படி நடந்தது, வட்டி எந்நாள் வரை ஏறியது என்று கேட்டாக வேண்டும்.

அண்ணன் கேட்டார். கணக்கில் வட்டி சற்றுக் குறைந்தது. மீதியைத் தவணையில் கட்டி முடித்தார். ஆனால் பிணை நின்ற மைத்துனர் அதன்பின் வீட்டுப்படி ஏறவில்லை. சென்ற ஆண்டு அண்ணன் மகள், தாய்மாமன் மாலை இல்லாமலே மணமேடை ஏறினாள்.