அறுநூறு குதிரையும் ஒரு சிவப்புக் கயிறும்

மோட்டார் போட் வாங்கும் உத்தேசம் உங்களுக்கு உண்டா? எனக்கும் கிடையாது. தாம்பரம் - பீச் ரயிலில் ஜன்னல் சீட் கிடைத்தாலே அன்றைக்கு ராசிபலன் அமோகம் என்று நினைக்கிற ரகம் நான். ஆனாலும் இரண்டு மாதமாக ராத்திரி பத்து மணிக்கு மேல் நான் உட்கார்ந்து படித்தது முழுக்க போட் என்ஜின் பற்றித்தான். காரணம், மச்சான்.

மனைவியின் தம்பி. வயது இருபத்தெட்டு. ஒரு கம்பெனியில் சேல்ஸ் ரெப். 'டார்கெட், டார்கெட்' என்று பைக்கில் அலைந்து முதுகுவலியை மட்டும் சம்பாதித்து வைத்திருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன், அக்காவின் வத்தக்குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"அத்தான், நானும் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரும் பாண்டிச்சேரில டூரிஸ்டுங்களுக்கு ஸ்பீட் போட் விடப்போறோம். எட்டுப் பேர் உக்கார்ற போட். பின்னால ரெண்டு என்ஜின், ஒவ்வொண்ணும் இருநூறு குதிரை. பறக்கும்! உங்க பங்கு அஞ்சு லட்சம் போதும்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் டக்கென்று நின்றது. காரணம் உண்டு. வங்கியில் எங்கள் பிக்சட் டெபாசிட் சரியாக அஞ்சு லட்சம். பெண் இப்போது ஆறாம் வகுப்பு. அவள் காலேஜ் போகும்போது எடுக்கலாம் என்று போட்டு வைத்தது. மாதச் சம்பளமில்லாமல் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன் வீட்டில் அதற்குப் பெயர் டெபாசிட் இல்லை, தைரியம்!

'முடியாது' என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் மனசு வரவில்லை. "ரெண்டு மாசம் டயம் குடு" என்றேன். நான் பி.காம். படித்தவன். என்ஜினின் உள்ளே என்ன ஓடுகிறதென்று தெரியாவிட்டாலும், எந்த என்ஜினுக்கும் ஒரு வரவு செலவு இருக்குமல்லவா, அதைப் பார்த்துவிடலாம் என்று ஒரு துணிச்சல்.

படகின் பின்புறம் தொங்குகிற அவுட்போர்டு மோட்டாரை ஊரறியச் செய்தவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். வெயில் நாளில் காதலிக்கு ஐஸ்க்ரீம் வாங்க ஏரியில் துடுப்புப் போட்டுக் களைத்துப்போய், அந்த எரிச்சலில் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். 1909-ல் அவர் செய்து விற்ற மோட்டாரின் திறன் ஒன்றரை குதிரை. காதலி பெஸ் பிற்பாடு மனைவியாகி, கம்பெனி வியாபாரத்தையும் கவனித்துக்கொண்டார். (இந்த இடத்தை என் மனைவிக்கு இரண்டு முறை படித்துக் காட்ட வேண்டியிருந்தது!)

அந்த ஒன்றரை இன்றைக்கு எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? 2021-ல் மெர்க்குரி கம்பெனி ஒரே அவுட்போர்டில் 600 குதிரையைக் கொண்டு வந்தது. பன்னிரண்டு சிலிண்டர், 7.6 லிட்டர். அதாவது நம்ம ஊர் மாருதி 800-ன் என்ஜின் ஒன்பதரையை ஒரே கூட்டுக்குள் அடைத்த மாதிரி.

சரி, பெட்ரோல்? முழு வேகத்தில் ஓட்டினால் நூறு குதிரைக்கு மணிக்கு ஏறக்குறைய 35 லிட்டர் என்பது தோராயக் கணக்கு. மச்சானின் நானூறு குதிரைக்கு 140 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று ரவுண்டாக வைத்தால்கூட மணிக்குப் பதினாலாயிரம். டூரிஸ்ட் கொடுக்கிற காசு நேரே பெட்ரோல் பங்குக்குப் போய்விடும். நடுவில் மச்சான் ஒரு போஸ்ட்மேன்.

இதில் தண்ணீரின் குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காரில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி கொஞ்ச தூரம் சும்மா உருளும். போட்டில் அந்தச் சலுகை கிடையாது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி. கந்துவட்டிக்காரர் மாதிரி ஒவ்வொரு அடிக்கும் கையை நீட்டும். வேகம் ஏற ஏற வட்டியும் ஏறும்.

டீசல் போடலாமா? இங்கிலாந்தின் காக்ஸ் கம்பெனி 300 குதிரையில் டீசல் அவுட்போர்டே செய்தது. எண்ணெய் குறைவாகக் குடிக்கும். ஆனால் எடை கிட்டத்தட்ட 400 கிலோ, விலையும் அதற்கேற்ற கனம்.

பேட்டரி? ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ. அதில் அடங்கியிருப்பது சுமார் ஒன்பது யூனிட் சக்தி. என்ஜின் அதில் முக்கால் பங்கைச் சூடாகவும் புகையாகவும் வீணடித்தாலும் இரண்டு யூனிட் கைக்கு வரும். அதே இரண்டு யூனிட்டுக்கு லித்தியம் பேட்டரி பதினைந்து கிலோவாவது வேண்டும். முழு வேகத்தில் ஒரு மணி நேரம் பறக்கிற அளவுக்குப் பேட்டரி ஏற்றினால், டூரிஸ்டை ஏற்ற இடம் இருக்காது.

அப்படியென்றால் மின்சாரப் படகே உதவாதா? பேஷாக உதவும். கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் நடுவே 2017-ல் 'ஆதித்யா' என்ற சோலார் படகை விட்டார்கள். 75 பயணிகள் போகலாம். மோட்டார் இரண்டு, ஒவ்வொன்றும் 20 கிலோவாட். இரண்டையும் கூட்டினால் ஐம்பத்து நான்கு குதிரை! எழுபத்தைந்து பேருக்கு ஐம்பத்து நான்கு. மச்சானுக்கோ எட்டுப் பேருக்கு நானூறு. ரகசியம் இவ்வளவுதான்: ஆதித்யா மெதுவாகப் போகிறது. அவசரப்படாதவனிடம் தண்ணீர் வட்டி அதிகம் கேட்பதில்லை.

சுவீடனின் கேண்டெலா கம்பெனி இன்னொரு வழி பிடித்தது. படகுக்குக் கீழே விமான இறக்கை மாதிரி ஒன்றைப் பொருத்தி, வேகம் வந்ததும் படகையே தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுகிறது. உராய்வு குறைவதால் பேட்டரி நெடுநேரம் தாங்குகிறது. வருமானத்தைக் கூட்ட முடியாதவன் செலவைக் குறைப்பான் என்று நாங்கள் பி.காமில் படித்ததும் இதைத்தான்.

இரண்டு மாதம் முடிந்து மச்சான் வந்தான். என் கணக்கு நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவனும் எதையோ படித்துவிட்டு வந்திருந்தான்.

"அத்தான், கென் வார்பின்னு ஒரு ஆளு. ஆஸ்திரேலியா. மின்கருவி விக்கிற சேல்ஸ்மேன். என்னை மாதிரியே! ராணுவத்துல கழிச்சுப் போட்ட ஜெட் என்ஜினை ஏலத்துல நூறு டாலருக்கும் கம்மியா வாங்கி, வீட்டுக் கொல்லையில மரத்தால படகு கட்டினான். 1978-ல மணிக்கு 511 கிலோமீட்டர். உலக ரெக்கார்டு. அவன் மட்டும் உங்களை மாதிரி கணக்குப் பார்த்திருந்தா?"

எனக்கும் வார்பியைத் தெரிந்திருந்தது. "அவன்தாண்டா என்னைவிடப் பெரிய கணக்குப்பிள்ளை" என்றேன். என்ஜின் விலை நூறு டாலருக்குள். ஆனால் அதைச் சுற்றி அவர் போட்ட முதல் என்ன? பல வருஷத்துச் சாயங்காலங்கள். கைச்செலவுக்கு ஷாப்பிங் சென்டர்களில் தன் ஓவியங்களை விற்றிருக்கிறார். வேகத்தைப் படிப்படியாகத்தான் ஏற்றினார். 1977-ல் 464, மறு வருஷம்தான் 511. அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது.

அதே சாதனைக்காக 1967 ஜனவரி 4-ம் தேதி இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் இறங்கினார் டொனால்ட் காம்ப்பெல். முதல் ஓட்டம் அருமை. எரிபொருள்கூட நிரப்பாமல் உடனே திரும்பினார். படகு எழும்பிக் கவிழ்ந்தது. உடல் கிடைத்தது 2001-ல். வார்பியின் சாதனையை முறியடிக்கப் போன லீ டெய்லர் 1980-லும், கிரெய்க் ஆர்ஃபன்ஸ் 1989-லும் உயிரை விட்டார்கள். வார்பி 2023-ல் 83 வயதில்தான் காலமானார். அதுவரை அவர் ரெக்கார்டை யாராலும் தொட முடியவில்லை.

மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "நான் ரெக்கார்டு எல்லாம் கேக்கலை அத்தான். இந்த டார்கெட்லேருந்து வெளியே வந்தா போதும்" என்றான்.

அதற்கு என் நோட்டில் பத்தி கிடையாது. ஆனால் சமையலறையிலிருந்து தீர்ப்பு வந்தது.

"ரெண்டு லட்சம் குடுங்க. மூணு லட்சம் குழந்தைக்கு இருக்கட்டும். டேய், ஒரு என்ஜின் போதும்!"

ஒரு என்ஜின், 115 குதிரை என்று முடிவாயிற்று. பத்து நிமிஷ சவாரிக்கு அது தாராளம். டூரிஸ்ட் 'ஊ' என்று கத்துவதற்கு வேகமானி முள்ளைப் பார்ப்பதில்லை. முகத்தில் தண்ணீர் தெறித்தால் போதும்.

கூடவே நானும் ஒரு நிபந்தனை போட்டேன். ஸ்பீட் போட் ஓட்டுகிறவர் உடம்போடு மாட்டிக்கொள்ள ஒரு சுருள் கயிறு உண்டு. பெரும்பாலும் சிவப்பு நிறம். ஆள் தவறித் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், என்ஜின் நின்றுவிடும். இல்லையென்றால் ஆளில்லாத போட் வட்டமடித்துத் திரும்பி வந்து, விழுந்தவரையே புரொப்பெல்லரால் கிழிக்கக்கூடும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு 2021 ஏப்ரல் முதல் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். 600 குதிரையானாலும் சரி, ஒன்றரை குதிரையானாலும் சரி, மொத்த படகிலும் விலை குறைந்த சாமான் இதுதான். அதை மாட்டாமல் ஒருநாளும் சாவியைத் திருப்பக் கூடாது என்று கையெழுத்தே வாங்கிவிட்டேன்.

வேகம் வேண்டாமென்று யாருக்கும் உபதேசம் செய்ய எனக்கு அருகதை இல்லை. ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து காற்று வாங்குகிறபோது நானும் மனசுக்குள் 511-ல்தான் போகிறேன். எத்தனை குதிரை வேண்டுமானாலும் பூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் நம்மைக் கட்டி வைத்திருக்கிற கயிறு ஒன்று இருக்கிறதே, அது கால் கட்டு என்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள் சார். விழுந்தால் என்ஜினை நிறுத்துவது அதுதான்.