ஊசிமுனை அளவு

எமது தவறு ஒன்றை ஈண்டு அறிக்கையிட விழைகின்றோம்.

ஒருநாள் மாலை, கடமலைக்குண்டில் வீடு சந்திக்கச் சென்றிருந்தோம். வெளியூர் மருத்துவமனையொன்றில் செவிலியாகப் பணிபுரியும் பெண்ணொருத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். அவளது விரலில் சிறு கட்டு.

“நோயாளிக்குப் போட்ட ஊசி நேற்றிரவு குத்திவிட்டது, சாமி. கவனக்குறைவு என்பார்களே என்று யாரிடமும் சொல்லவில்லை” என்றாள்.

“காமாலை கண்டால் கீழாநெல்லி இருக்கிறது” என்றார் தாயார். நாமும், “பிறர்பணியில் இவ்வலியும் ஒரு பங்கு, மகளே, பொறுத்துக்கொள்” என ஆசி கூறித் திரும்பினோம்.

மனம் அமைதி கொள்ளவில்லை. மருத்துவ நண்பரொருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். “பொறுமையைப் போதித்து அப்பெண்ணின் பொன்னான நேரத்தை வீணாக்கிவிட்டீர்கள், சாமி!” என்று கடிந்துகொண்டார்.

அவர் விளக்கியது இது: ஹெபடைடிஸ் பி கிருமியுள்ள இரத்தம் தோய்ந்த ஊசி குத்தினால், தடுப்பூசி பெறாதோருள் நூற்றுக்கு 6 முதல் 30 பேர் வரை தொற்றுக்கு ஆளாகலாம். உலர்ந்த இரத்தத்திலும் அக்கிருமி 7 நாள்களேனும் வாழும். பலருக்குக் காமாலையே தோன்றாது. ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் சுருங்கிய பின்னரோ, புற்று கண்ட பின்னரோதான் தெரியவரும். காமாலைக்குக் காத்திருப்பது அறிவீனம்.

விசாரித்தபோது, அவள் பயிற்சிக் காலத்தில் முதல் தவணை மட்டுமே போட்டிருந்தாள். உடனே வண்டி பிடித்து, கண்டமனூர் வழியே மருத்துவமனைக்கு அனுப்பினோம். அந்நோயாளிக்குத் தொற்று உண்டென்று பின்னர்த் தெரிந்தது. ஊசி குத்திய 24 மணி நேரத்துக்குள் அவளுக்குத் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் கிடைத்தன. ஆறு மாதம் கழித்துச் செய்த சோதனையில் தொற்று இல்லை.

இந்தியாவில் 2011-லிருந்துதான் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி நாடெங்கும் போடப்படுகிறது. ஆகவே இன்றைய செவிலியருள் பலர் குழந்தைப் பருவத்தில் அதைப் பெறாதவர்களே. முதல் தவணை, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. அதன்பின் ஓரிரு மாதங்களில் எதிர்ப்பாற்றல் சோதனை. பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடியிடலாகாது. குத்திவிட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, அப்பொழுதே அறிவித்தல் வேண்டும். அறிவிப்பவளை ஏசாதிருப்பது மேலாளர் கடமை.

பிறர் நலம் பேணுவோர் தம் நலம் பேணுவதும் அறமே என்பதை நாம் காலந்தாழ்த்திக் கற்றோம். இப்போதெல்லாம் செவிலிப் பெண்களைக் கண்டால், ஆசி கூறுமுன் எமது முதற் கேள்வி இதுதான்: “மூன்று தவணையும் போட்டாயிற்றா, அம்மா?”