பக்கத்துப் படகின் கயிறு

கொடைரோட்டில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுகிறானே என்று நண்பர்கள் சிரிக்கலாம். நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்த படகு கொடைக்கானல் ஏரிப் படகுதான். லெவிஞ்ச் துரை 1863-ல் உண்டாக்கிய ஏரி அது. சவாரி முடிந்தால் கரையில் ஒரு கட்டையில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். கடலில் ஒரு படகை நிறுத்தி வைப்பது ஓட்டுவதைவிடக் கஷ்டம் என்பதை நான் பாம்பனில்தான் தெரிந்துகொண்டேன்.

1986-ல் அங்கே உதவி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தேன். ரோடு பாலம் அப்போது கட்டிக்கொண்டிருந்தார்கள், 1988-ல்தான் திறந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையும் ஒரு ரயிலையும் கொண்டுபோன ஊர்ப்பக்கம் என்பதால், காற்று என்றால் எங்களுக்குப் பயம் உண்டு. வரம்பு மீறி அடித்தால் பாலத்தில் ரயிலை விடமாட்டோம்.

பாம்பனுக்கு இரண்டு கடல். பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போல் கிடக்கும். ஐப்பசி பிறந்து வாடைக் காற்று திரும்பினால் அப்படியே தலைகீழ். அதற்கேற்ப விசைப்படகுகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றுவார்கள். ஆனால் காற்று நாள்காட்டி பார்த்து வருவதில்லை.

என் வாடகை வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு படகு வைத்திருந்தார். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நான் 'சார்'. ஒரு நாள் சாயங்காலம் அவருடைய வல்லத்தில் என்னையும் ஏற்றிக்கொண்டு, நங்கூரத்தில் நின்ற படகைப் பார்க்கப் போனார். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் படகுகள் அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, ஒரே திசைக்குக் காட்டிக்கொண்டு நெருக்கமாக நின்றன. அலையைத் தடுக்க ஒரு சுவர் கிடையாது. திறந்த கடல்தான் துறைமுகம்.

போகும் வழியிலேயே பாடம் நடத்தினார். "தண்ணி ஒரு பாகம்னா கயிறு அஞ்சு பாகமாவது விடணும் சார். காத்துக் காலத்துல ஏழு." நங்கூரத்தை ஒட்டிக் கொஞ்ச தூரம் இரும்புச் சங்கிலி. அதன் கனம் தரையில் படுத்துக் கிடந்தால் படகு இழுக்கும் இழுப்பு படுக்கைவாட்டில் போகும், நங்கூரம் மண்ணை மேலும் கவ்வும். கயிறு குட்டையாக இருந்தால் இழுப்பு மேல்நோக்கிப் போய் நங்கூரத்தைப் பிடுங்கிவிடும். கயிறு படகின் விளிம்பில் உரசும் இடத்தில் சாக்கைச் சுற்ற வேண்டும். பக்கவாட்டில் பழைய டயர்களைத் தொங்கவிட வேண்டும். ராத்திரி ஒருவர் படகிலேயே படுக்க வேண்டும். அவர் கலங்கரை விளக்கத்தையும் கரையில் இன்னொரு விளக்கையும் நேர்கோட்டில் குறி வைத்துக்கொள்வார். காற்றில் படகு அங்குமிங்கும் ஆடுவது வேறு. அந்த இரண்டு விளக்கும் விலகிக்கொண்டே போனால் நங்கூரம் நகர்கிறது என்று அர்த்தம்.

"எல்லாரும் இப்படிச் செஞ்சா பயமே இல்லையே" என்றேன்.

"நீளமா விட்டா காத்துக்குப் படகு சுத்தி வந்து பக்கத்துப் படகுல மோதும். இடம் எங்க சார் இருக்கு? அதான் பாதிப்பேர் குட்டையாக் கட்டுறான்" என்றார்.

பெரிய கப்பலுக்கும் இதே தலைவலிதான் என்று பின்னால் தெரிந்தது. புயல் வந்தால் சென்னைத் துறைமுகத்தில் கப்பல்களை நடுக்கடலுக்குப் போகச் சொல்வது இதனால்தான். நெருக்கத்தில் கட்டிக் கிடந்தால் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். 2012 அக்டோபர் 31 அன்று நிலம் புயலில், துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் இழுபட்டுப் பெசன்ட் நகரில் தரைதட்டியது. உயிர்காக்கும் படகில் இறங்கிய சிலர் அது கவிழ்ந்து இறந்துபோனார்கள். டிவியில் அந்தக் கப்பலைப் பார்த்த அன்று எனக்குப் பாம்பன் ராத்திரிதான் ஞாபகம் வந்தது.

அந்த சாயங்காலம் திரும்பும்போது, பக்கத்தில் நின்ற படகின் கயிறு என் கண்ணில் பட்டது. சாக்கு சுற்றவில்லை. உரசிய இடத்தில் ஒரு புரி அறுந்து பஞ்சுபோல் தொங்கியது. அண்ணனிடம் காட்டினேன்.

"தெரியும் சார். அவன் வீட்டு வாசலை மிதிச்சு ரெண்டு வருஷமாச்சு. நான் சொன்னா என் படகைக் குறை சொல்ல வந்துட்டான்னு சண்டைக்கு வருவான்" என்றார். ஏதோ மீன் விலைத் தகராறு. அதோடு விட்டுவிட்டோம்.

மறுநாள் மாலை அந்தப் படகுக்காரர் மீன் கூடை பார்சல் போட ஸ்டேஷனுக்கு வந்தார். என்னோடு அவருக்கு ஒரு சண்டையும் இல்லை. எடை போட்டு, ரசீது எழுதி, சில்லறை கொடுத்தேன். "அண்ணே, உங்க கயிற்றில் ஒரு புரி போயிருக்கிறது" என்று சொல்ல வாய் வரை வந்தது. வெளியூர்க்காரன் நமக்கு எதற்கு இவர்கள் விவகாரம் என்று விழுங்கிவிட்டேன்.

அன்று ராத்திரியே வாடை திரும்பியது. விடியும்போது கரைக்கு ஓடினேன். அண்ணனின் நங்கூரம் கடைசிவரை பிடித்துத்தான் இருந்ததாம். பக்கத்துப் படகு கயிறு அறுந்து வந்து இவர் படகின் மேல் சாய்ந்திருக்கிறது. இரண்டு படகின் பாரத்தை ஒரு நங்கூரம் எவ்வளவு நேரம் தாங்கும்? இரண்டும் சேர்ந்து கரையேறிக் கிடந்தன. காவலுக்குப் படுத்திருந்த அண்ணனின் தம்பி, மோத வந்த படகைக் கழியால் தள்ளப் பார்த்திருக்கிறான். கால் நடுவில் மாட்டிக்கொண்டது. இருபது வயதுப் பையன். உயிர் தப்பியது, ஆனால் நான் மாற்றலாகிப் போகும்வரை நொண்டித்தான் நடந்தான்.

பேசாமல் இருந்த இரண்டு குடும்பங்களும் அன்று ஒன்றாகத்தான் படகுகளை மணலிலிருந்து தள்ளின. அண்ணன் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. முந்தின நாள் அந்த மனிதர் என் எதிரில் கால்மணி நேரம் நின்றிருந்தார் என்பது அண்ணனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இப்போதும் ஐப்பசி, கார்த்திகையில் பேப்பரில் அந்தச் செய்தி வரும்: ராமேஸ்வரத்தில் பலத்த காற்று, நங்கூரக் கயிறு அறுந்து படகுகள் கரை ஒதுங்கின. சேதம் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். அந்தக் கயிறு புரி விட்டதை முந்தின நாள் யார் யார் பார்த்தார்கள் என்று போடமாட்டார்கள். நான் அதை நினைத்துக்கொண்டுதான் பேப்பரை மடித்து வைப்பேன்.