எந்தத் தெரு?

கூத்தாநல்லூர்ப் பக்கத்து எங்க சேரியிலிருந்து சித்தப்பா மகனோடு அந்தக் கூட்டத்துக்குப் போனேன். கோத்திகள் பத்துப்பேர் வட்டமாக உட்கார்ந்து ஆணுறை, பால்வினை நோய், ரத்தப் பரிசோதனை எல்லாம் பேசினார்கள். 'நமக்குள்ள பேதமில்ல' என்றார்கள். டீ வந்தபோது ஒருத்தர் கேட்டார்: 'நீ எந்தத் தெரு?'

அதன்பிறகு அவன் வாய் திறக்கவில்லை. பஸ்ஸில்தான் சொன்னான்: 'மேகப்புண்ணு இருக்குண்ணே. அங்க சொல்ல வாய் வரல.' மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன்.

1998இல் சென்னையில் பிறந்த சகோதரன் போன்ற அமைப்புகள் இப்படிக் கூடிப் பேச இடம் தந்தன. மறுப்பதற்கில்லை. அமெரிக்காவில் கறுப்பின ஆண்களுக்கான 'மெனி மென், மெனி வாய்சஸ்' குழுக்களில் நோயோடு நிறவெறியையும் சேர்த்தே பேசுகிறார்கள். சாதியைப் பேசாத வட்டம் இங்கே யாரைக் காப்பாற்றும்?

377ஆம் பிரிவை உச்சநீதிமன்றம் 2018இல் தளர்த்தியது. தெருவை யார் தளர்த்துவது? அடுத்த கூட்டம் எங்க தெருவில், எங்க பாயில்.