டஸ்கலூசாவில் ஒரு வெள்ளைத் தூண் தெரு

என் தம்பி அமெரிக்காவில், அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமில் இருக்கிறான். போன ஆகஸ்டில் அங்கே போயிருந்தேன். அவன் மகள் வித்யா அப்போதுதான் டஸ்கலூசாவில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தாள். காரில் ஒரு மணி நேரம். வெயிலுக்கு நம்ம வேலூர் தோற்றது, போங்கள்!

பல்கலைக்கழகத்தில் ஒரு தெரு. இரண்டு பக்கமும் வெள்ளைத் தூண் வைத்த மாளிகைகள், வாசலில் கிரேக்க எழுத்துக்கள். அரசாங்க பங்களாவோ என்று நினைத்தேன்.

"இல்லை அத்தை, எல்லாம் மாணவிகள் சங்கம். சொராரிட்டி என்பார்கள். இதில் ஒன்றில் சேரப் போகிறேன்" என்றாள்.

பணம் கட்டினால் மட்டும் சேர முடியாது. (பணமும் உண்டு, ஒரு பருவத்துக்கே சில ஆயிரம் டாலர்!) வகுப்பு தொடங்குமுன் 2,000-க்கும் மேற்பட்ட பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பேசுகிறார்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பெண்ணும் தனக்குப் பிடித்ததைச் சொல்ல வேண்டும், சங்கமும் சொல்லும். எந்த வீடு மறுபடி அழைக்கிறது என்று பிறகு தெரியும். நம்மூர்ப் பெண் பார்க்கும் படலமேதான். பஜ்ஜி சொஜ்ஜி மட்டும் இல்லை.

முதல் சுற்றிலேயே வித்யா ஆசைப்பட்ட பெரிய வீடு அவளை விட்டுவிட்டது. காரணம் சொல்ல மாட்டார்களாம். "நான் என்ன தப்பாப் பேசிட்டேன் அத்தை?" என்று போனில் ஒரே அழுகை. தம்பி மனைவி அன்று சாப்பிடவே இல்லை. எனக்கும் கோபம்தான். கொஞ்ச நேரப் பேச்சில் ஒரு பெண்ணைப் பற்றி என்ன தெரிந்துவிடும்?

பக்கத்து வீட்டு அம்மாள் அந்தக் காலத்தில் இப்படி ஒரு சங்கத்தில் இருந்தவர். அவர் சொன்னதைக் கேட்டுத்தான் கொஞ்சம் தணிந்தேன். முன்பெல்லாம் பெயர் பெற்ற வீடுகள் கடைசி வரை நிறையப் பேரைக் கூப்பிட்டுக் கொண்டே இருக்குமாம். பெண்களும் நம்பி, மற்ற வீடுகளை வேண்டாம் என்று விடுவார்கள். கடைசி நாளில் கைவிரிப்பு! பெண்ணுக்கும் இடமில்லை, சிறிய சங்கத்துக்கும் ஆளில்லை. 2003-க்குப் பிறகு ஒரு கணக்கு வந்தது. அழைத்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்று முந்தைய வருஷங்களைப் பார்ப்பார்கள். எல்லோரும் ஓடி வரும் வீடு முதல் சுற்றுகளிலேயே பலரை விட்டுவிட வேண்டும். அவ்வளவாகக் கூட்டமில்லாத வீடு அதிகம் பேரை அழைக்கலாம்.

என் அக்கா மகளை, 'யோசித்துச் சொல்கிறோம்' என்று ஆறு மாதம் இழுத்தடித்த மாப்பிள்ளை வீடு ஞாபகம் வந்தது. அதற்குள் இரண்டு நல்ல வரன்களைத் தட்டிக் கழித்திருந்தோம்.

ஆனால், எத்தனை பேர் என்றுதான் கணக்கு சொல்லும். யாரை என்று முடிவு செய்வது மனுஷர்கள்தானே? இங்கேயே கறுப்பினப் பெண்களை நிறம் பார்த்து ஒதுக்குவதை 2013-ல் மாணவர் பத்திரிகை வெளிச்சம் போட்டது. அதன் பிறகுதான் கதவு கொஞ்சம் திறந்தது.

கடைசிச் சுற்றில் வித்யாவுக்கு இரண்டு வீடுகள். கையெழுத்துப் போட்ட பிறகு, கிடைத்த வீட்டை மறுத்தால் அடுத்த வருஷம் வரை வேறெதிலும் சேர முடியாது. யோசித்து இரண்டையும் எழுதினாள்.

மறுநாள் ஒரு லட்சம் பேர் அமரும் கால்பந்து அரங்கத்தில் எல்லோரும் உறையைப் பிரித்துவிட்டு, தத்தம் வீட்டுக்கு ஓட்டமாக ஓடி வந்தார்கள். முதல் நாள் அவள் சரியாகத் திரும்பிக்கூடப் பார்க்காத வீட்டு வாசலில் வித்யா வியர்த்து நின்றாள். நாங்கள் கொண்டு போன புளியோதரையை அந்தப் பெண்களே பாதி தின்று தீர்த்தார்கள்.

திரும்பும்போது அந்தப் பெரிய வீட்டைத் தாண்டினோம். தம்பி மனைவி மட்டும் முகத்தைத் திருப்பிக் கொண்டாள்.